இளமதியின் காலிக் கட்டம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே! மகள் இளமதிக்குச் சோறூட்டியதோடு நில்லாமல் பென்சிலும் சீவிக் கொடுத்த செவந்தி அத்தை அவர்களே! குன்றாண்டார்கோவில் வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, மண்ணில் புரண்டு பள்ளியின் மானம் காத்த என் கோ-கோ அணித் தோழியரே! அணித்தலைவி பிரகதீஸ்வரியின் அன்பு வணக்கம்.

கட்டடக்கலை படிக்க நாளை சென்னை புறப்படுகிறாள் நம் இளமதி. இவளிடம் எத்தனை பேர் கேட்டார்கள்! "ஆட்டமா, படம் வரையிறதா? ஏதாச்சும் ஒண்ணப் புடி தாயி." ஏன் ஒன்று? கால் ஓடும்போது கண் என்ன தூங்கவா செய்கிறது? ஓடி ஓடி மைதானத்தை அளந்தவளுக்கு, ஒரு கூடத்துக்குள் மனிதர் நடமாட எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியாதா? கடைசி வரிசையில் கைதட்டுகிறீர்கள். பொறுங்கள், அவளைத் திட்டவும் போகிறேன்!

மாவட்ட இறுதிப் போட்டியும் நுழைவுத் தேர்வும் ஒரே நாளில் வந்தன. காலையில் புதுக்கோட்டையில் ஆட்டம், பிற்பகலில் திருச்சியில் தேர்வு. இரண்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள் இந்தக் கெட்டிக்காரி. சிறப்பு விருந்தினர் வராமல் நம் பக்கத்தில் ஆட்டம் தொடங்குமா? மணி பதினொன்று ஆகியும் மாலை மேசையில், மனிதர் வழியில்! தலைமையாசிரியை சிரிக்கிறார். உங்களைச் சொல்லவில்லை அம்மா.

பென்சில் டப்பாவோடு கோட்டோரம் வந்து நின்றார் செவந்தி அத்தை. "ஏத்தா, பரீட்சைக்கு நேரமாச்சு, கெளம்பு!"

பயிற்சிக்காகக் கட்டத்தில் குந்தியிருந்தவள் அசையவில்லை. "நீ போம்மா. இவளுகள விட்டுட்டு நான் எப்புடிப் போறது?"

விரல் காய்க்க வரைந்து பழகியவள்! எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவள் இல்லையென்றால் கோப்பை இல்லை என்பது எனக்கா தெரியாது? ஆனாலும் ஓடினேன். பின்னால் நின்று முதுகில் ஓங்கித் தட்டி, "கோ!" என்றேன். தட்டப்பட்டவள் எழுந்து ஓடவேண்டும், தட்டியவள் அந்த இடத்தில் அமரவேண்டும். அதுதானே ஆட்டத்தின் சட்டம்? பழகிய உடம்பு, பட்டென்று எழுந்துவிட்டது! அப்படியே எங்கள் பள்ளி அய்யாக்கண்ணு சாரின் பைக்கில் ஏற்றிவிட்டோம்.

தோற்றோமா? தோற்றோம். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்!

தேர்வில், மனத்துக்கு நெருக்கமான இடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்களாம். எங்கள் மைதானத்தை வரைந்திருக்கிறாள். அதையே எங்களுக்காக மறுபடியும் வரைந்து தந்தாள். இதோ, என் பின்னால் தொங்குகிறது. வரிசையாக நாங்கள் ஏழு பேர், எட்டாவது கட்டம் காலி.

"இத ஏண்டி காலியா விட்டுருக்க?" என்று கேட்டேன்.

"அது என் எடம்டி. திரும்பி வருவேன்ல" என்றாள்.

இளமதி, என் செல்லமே! விடுமுறைக்கு வா, வயிறாரச் சாப்பிடு, எங்களோடு சண்டை போடு. ஆனால் அந்தக் கட்டத்தில் மறுபடி குந்திவிடாதே. தட்டியவள் நான், அங்கே நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீ கட்டும் முதல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஓட இடம் விடு, அது போதும் எங்களுக்கு.

தாய்மார்களே, தோழியரே, அவள் காதில் விழ, அடிவயிற்றிலிருந்து என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்: கோ!

எழுந்து ஓடுகிறவளுக்கு வாழ்த்து. உட்கார்ந்து கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்!