ஜூன் மாதம்: அளவுகள்

— ...அந்த வரிய அடிக்காதீங்க சார்! ஆறாம் வகுப்பு சயின்ஸுக்கு ஜூன்ல அதுதான் முதல் பாடம். 'அளவுகள்.' திரும்ப எழுதுங்க.

— ஷம்சாத் டீச்சர், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க. இந்தப் பாடம் வருஷத் திட்டத்துல இருந்தா, டெபுடி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல உங்கள மாத்திடுவாங்க. எடுத்துட்டா இங்கயே இருக்கலாம்.

— அளக்கத் தெரியாத புள்ளைக்கு வேற என்னத்த சார் சொல்லித் தர்றது? சூடு, எடை, வேகம்... எல்லாத்துக்கும் அதுதானே வாசப்படி.

— கடைசிக்காவது தள்ளலாமே. பரீட்சை நெருக்கத்துல யாரும் கவனிக்க மாட்டாங்க.

— புள்ளைங்களும்தான் கவனிக்காது.

— சரி... அத அப்புறம் பாப்போம். ஜூலை?

— ஜூலையில வாய்க்கால்ல தண்ணி வந்துரும். அழுத்தம், மிதத்தல். ஒரு பால் டின் எடுத்துக்கணும். பக்கத்துல மூணு ஓட்டை. மேல, நடுவுல, கீழ. தண்ணிய ரொப்பினா எதுலேர்ந்து தூரமாப் பாயும்? சொல்லுங்க.

— மேல இருக்கறது.

— சார்!

— ஏன்? அதுதானே ஒசரத்துல இருக்கு.

— கீழ இருக்கறதுதான் சார். டின்னுல இருக்கற தண்ணி மொத்தமும் அதோட தலை மேல உக்காந்திருக்கு. அதனாலதான் வாய்க்கால் கரைய அடியில அகலமாவும் மேல குறுகலாவும் போடறாங்க. புள்ளைங்க தெனம் அந்தக் கரை மேலதான் நடந்து வருதுங்க, ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல... இன்னொன்னு எழுதுங்க. டின்னத் தரையில வைக்கக் கூடாது. பெஞ்சு மேல வைக்கணும்.

— அது எதுக்கு?

— தரையில வச்சா கீழ ஓட்டைத் தண்ணி பாயறதுக்குள்ள தரை வந்து தடுத்துரும். நடு ஓட்டை ஜெயிச்சுரும். புள்ளைங்க சிரிக்கும், நீங்க முழிப்பீங்க.

— நான் ஏன் முழிக்கணும்? நடத்தப் போறது நீங்க.

— எழுதுங்களேன் சார். உங்க கையெழுத்துதான் தெளிவு.

— சரித்திரம் நடத்தற ஹெட்மாஸ்டர உக்கார வச்சுப் பால் டின் வரையச் சொல்றீங்க.

— எட்டாம் வகுப்புல ஒருத்தி என்ன சொன்னா தெரியுமா? ராஜகோபாலன் சார் ராஜாக்கள் பேரச் சொல்லும்போது கொட்டாவிய அடக்கறதுதான் பெரிய விஞ்ஞானமாம்.

— யாரு அந்தக் கழுதை?

— சொல்ல மாட்டேன்.

— நீங்க யாரத்தான் சொன்னீங்க... சரி. அக்டோபர்?

— ஐப்பசி மழை. துணி காயாது. ஏன் காயலங்கறதே பாடம். ரெண்டு ஈரத் துணி. ஒன்னு வெளியில, ஒன்னு அடுப்புக்கிட்ட.

— ஏன் காயாது?

— காத்து ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சிருக்கு. உங்க வேட்டித் தண்ணிய எங்க கொண்டு வைக்கும்?

— அதான் மூணு நாள் கொடியிலயே கெடக்கா.

— நீங்களா துவைக்கறீங்க?

— ...ம். இப்போல்லாம்.

— உங்க மன்னி...?

— அண்ணாவும் மன்னியும் அந்தப் பாதியில. நான் இந்தப் பாதியில. நடுவுல ஒரே ஒரு கதவு. தையிலேர்ந்து அந்தப் பக்கம் தாப்பாள்.

— சாப்பாடு?

— தியாகராசன் கடையில. நீங்க ஐப்பசிய முடிங்க.

— முடிஞ்சுது. தை மாசம் அறுப்பு. கூலிக்காரத் தெருப் புள்ளைங்க பாதி வராது. அதனால நிழல் பாடம். வயல்ல நின்னாலும் அதுங்க நிழல் கூடவே இருக்கும், காலையில எவ்வளவு, உச்சியில எவ்வளவுன்னு அங்கயே அளந்துட்டு வரட்டும்.

— மறுபடியும் அளக்கறது.

— ஆமா சார்.

— போன தையில அளந்தது போதாதா?

— என்ன தப்பு செஞ்சேன்? வீட்டுலேர்ந்து அளவுப் பாத்திரம் கொண்டு வரச் சொன்னேன். காலையில ரூமத் திறந்தா மேஜை மேல ஒரு இரும்பு மரக்கால். கடைத்தெரு மரக்காலோட பக்கத்துல வச்சோம். ஒரே ஒசரம், ஒரே வாய். உள்ள ஸ்கேல விட்டா ரெண்டு விரக்கடை கொறையுது. அடியில இன்னொரு தகடு வச்சுப் பத்தவச்சிருந்தாங்க. தண்ணி ஊத்தினோம். முக்கா லிட்டர் கம்மி. நான் ஒரு வார்த்தை சொல்லல சார். கணக்கு அதுங்க போட்டது.

— அது எங்க அண்ணா களத்துல கூலி அளக்கற மரக்கால். மறுநாள் கூலிக்காரத் தெருப் பக்கிரியும் மத்த ஆளுங்களும் லிட்டர் டின்னோட வந்து நின்னாங்க. சட்டத்துல லிட்டர்னுதானே போட்டிருக்கு, லிட்டர்ல அளங்கன்னு. அப்புறம் செங்கொடி, போலீஸ் வேன், என் ஸ்கூல்ல நடந்ததுன்னு நடுக் கதவுக்குத் தாப்பாள்...

— இப்ப லிட்டர்லதானே அளக்கறாங்க?

— அளக்கறாங்க. அதான் மெமோ உங்களுக்கு வந்திருக்கு. மரக்கால வகுப்புக்குக் கொண்டு வந்தது யாருன்னு நாளைக்குள்ள பதில் வேணுமாம். ரெண்டே வரி எழுதுங்க டீச்சர். 'யாரென்று தெரியாது. இனி இப்பாடம் நடத்தப்பட மாட்டாது.' தீந்துது.

— பாடம் போயிரும், நான் இருப்பேன்.

— ஆமா.

— யாருக்காக இருக்கணும் சார்? வாடகை வீட்டம்மா தையிலேர்ந்து பேசறதில்ல. சிங்கப்பூர்ல இருக்கற வீட்டுக்காரர்கிட்டேர்ந்து ரம்ஜானுக்கு ஒரு கடுதாசி. 'நலம், நலமறிய ஆவல்.' அதுக்கு மேல அவருக்கும் எழுத ஒன்னுமில்ல.

— ஸ்கூலுக்காக இருங்க.

— ஸ்கூலுக்கா?

— ...நாலரை மணிக்கு நீங்க பூட்டிட்டுப் போயிடறீங்க. மறுநாள் ஒம்பதரை வரைக்கும் என்கிட்ட பேச ஆள் கெடையாது. தியாகராசன் 'ரசம் ஊத்தவா'ன்னு கேப்பான். நான் 'ஊத்து'ன்னுவேன். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. இந்த லீவுல நீங்க திட்டம் போடணும்னு கூப்பிட்டப்போ... காலையில ஷேவ் பண்ணிண்டு வந்தேன். லீவுல யாராவது ஷேவ் பண்ணுவாளா?

— பாத்தேன். மோவாயில ஒரு வெட்டு.

— டீச்சர்... ஒன்னு சொல்லணும்.

— பிப்ரவரிய முடிச்சுரலாம் சார்.

— அந்த மரக்கால் எந்தப் புள்ளையும் கொண்டு வந்ததில்ல. நான் வச்சேன். சின்ன வயசுலேர்ந்தே எனக்குத் தெரியும், அது கொறையும்னு. அந்த நெல்லுலதான் படிச்சேன். அண்ணாகிட்ட கேக்க வாய் வரல. களத்துல போய்ச் சொல்ல கால் வரல. நீங்க பாத்திரம் கொண்டு வரச் சொன்னதாப் புள்ளைங்க பேசிண்டு போச்சு... நீங்க அளந்தா போதும்னு தோணித்து. கோழைத்தனம்தான்.

— தெரியும் சார்.

— என்ன தெரியும்?

— நீங்கதான்னு. பூட்டின ரூம். சாவி ரெண்டே ரெண்டு. ஒன்னு என் பையில இருந்துச்சு.

— இத்தனை மாசமா ஒரு வார்த்தை கேக்கல நீங்க!

— கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பீங்களா?

— ...மாட்டேன். இப்ப சொல்றேன். அந்தப் பேப்பரக் குடுங்க. பதில் நான் எழுதறேன். தலைமை ஆசிரியர்தான் கொண்டு வந்தார்னு. அண்ணா கதவத் தெறக்காட்டா போறான்.

— கதவு மட்டும் இல்ல சார். சொந்த வீட்டுலேர்ந்து திருடினார்னு உங்க மேல கேஸ் போடுவாங்க. உங்க பாதி வீடும் போயிரும். ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு.

— அப்போ நீங்க சொன்ன மாதிரியே... நான் சொன்ன மாதிரியே... 'தெரியாது'ன்னு எழுதிடுங்க.

— தெரியாதுன்னு எழுதினா அடுத்த கேள்வி சாவியப் பத்தித்தான் வரும்.

— அப்போ என்னதான் எழுதப் போறீங்க?

— எழுதியாச்சு சார். செவ்வாய்க்கிழமையே நேர்ல போய்க் குடுத்துட்டு வந்தேன், நான்தான் வாங்கி வச்சேன்னு. ஜூன்லேர்ந்து முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கூல். இங்க சயின்ஸுக்கு ஆள் போட ஒரு வருஷம் ஆகும்னாங்க, அதுவரைக்கும் ஆறாம் வகுப்பு உங்களுக்குத்தான்... எழுதுங்க சார், பிப்ரவரி, காந்தம். ஊசிய ஒரே பக்கமாத்தான் தேய்க்கணும். திரும்பி வரும்போது காந்தத்தத் தூக்கிடுங்க, இல்லேன்னா ஒட்டாது.