டப்பாவில் ஓடும் கார்

இருக்கன்குடி கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், தன் பக்கத்தில் நின்றவரிடம் திடீரென்று சொன்னார்:

"அண்ணாச்சி, காரு கம்பெனிக்காரவுக நம்ம வெடி டப்பாவப் பாத்துத் திருந்திட்டாக!"

அண்ணாச்சிக்குச் சொந்தமாகப் பட்டாசு கம்பெனி. சொன்னவர் அவருடைய டப்பாக்களுக்குப் படம் வரைகிறவர். இதெல்லாம் பேச்சிலேயே தெரிந்தது.

"என்னய்யா சொல்றீக?"

"நம்ம டப்பாவுல ஒரு சின்னக் காரு பறக்குமுல்ல. நெசக் காரோட மொத மாடலுக்கு முன்லைட்டு முட்டைக்கண்ணு. ரெண்டாவதுல கண்ண நீட்டுனாக, நானும் நீட்டுனேன். மூணாவதுல பின்கதவுக் கைப்பிடியக் கண்ணாடி ஓரத்துல ஒளிச்சு வச்சாக. அதையும் அப்படியே வரைஞ்சேன்."

"ஆமா, கைப்பிடி இல்லாத காருன்னு கடைக்காரவுக அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நாந்தான் கதவுலயே கைப்பிடி போடச் சொன்னேன்."

"நேத்து நாலாவது மாடலப் பாத்தேன். கைப்பிடி கதவுக்கே வந்துருச்சு!"

அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"இந்த சீசனுக்குப் புது மாடல வரைஞ்சிரவா, அண்ணாச்சி?"

"வேண்டாம்யா. நாம மாத்திட்டா, அடுத்த காரை அவுக எதப் பாத்துச் செய்வாக?"