இன்ஜின் சத்தம் கேக்கணும்

போளூர் பங்கில் பைக்குக்குக் காற்றுப் பிடிக்க நின்றிருந்தேன். முன்னால் இருந்த பழைய காரிலிருந்து ஒரு பெண் பையோடு இறங்கினார். ஓட்டி வந்த கணவர் விழித்தார்.

"நான் பஸ்லயே மலைமேல ஸ்கூலுக்குப் போய்க்கிறேன் மாமா. நீ இப்பிடியே கண்ணமங்கலம் வூட்டுக்குத் திரும்பு."

"இன்னாம்மா ஆச்சு? காத்து புடிச்சதும் கெளம்பிடலாம்."

"ஏறும்போது நான் கூட இருக்கேன். தனியா எறங்கும்போது இன்ஜின ஆஃப் பண்ணிட்டுதான வர்ற? போன வாரம் வளைவுல, இன்ஜின் ஓடாததால பிரேக் மிதிக்க முடியாம கல்லாட்டம் ஆயிடுச்சாமே, உன் தம்பி சொன்னாரு."

"அவனுக்கு வாய் சும்மா இருக்காதே!"

"இன்ஜின ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டர் மிதிக்காம கியர்லயே எறங்குனாலும் பெட்ரோல் குடிக்காதாம். மெக்கானிக்கையே கேட்டுட்டேன்."

"நெசமாவா?" தலையைச் சொறிந்தார். "மிச்சம் புடிச்சாதான் வாரா வாரம் உன்ன ஸ்கூல் குவார்ட்டர்ஸ்லேர்ந்து வூட்டுக்கு இட்டாற முடியும்னு செஞ்சேன். இனிமே ஆஃப் பண்ண மாட்டேன், வண்டில ஏறு."

காற்றுப் பிடிக்கிறவர் வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார். நேரம் காலம் தெரியாத மனுஷன்.

"மாசத்துக்கு ஒருவாட்டி வந்தா போதும். நீ முழுசா வரணும்."

பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"எறங்கும்போது எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சிடு. பேச வேணாம். எனக்கு இன்ஜின் சத்தம் கேக்கணும்."