காற்சட்டைக்குள் ஈயம்

சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கத் துறைமுகத்தடிக் கிளினிக்கில் காத்திருந்தேன். முன்வரிசை வாங்கில் கைக்குழந்தையோடு இருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்:

"போன மாசம் இவன்ர காற்சட்டைக்குள்ள மீன்வலையில கட்டுற ஈயம் வச்சுத்தான் நிறுக்கக் குடுத்தனான், அக்கா."

"உனக்கென்ன விசரே?"

"நிறை குறைஞ்சா சத்துமாவுக்குப் பேரைச் சத்தமாக் கூப்பிடுவினம். சோறில்லாத வீடெண்டு சனம் கதைக்கும்."

"சோறிருக்கோ?"

அவள் குழந்தையின் காற்சட்டையை இழுத்துவிட்டாள்.

"இண்டைக்கும் வச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"எடடி அதை. என்ர மூண்டும் அந்த மாவில வளந்ததுகள்தான். மூத்தவன் இப்ப குனிஞ்சுதான் வீட்டுக்குள்ள வாறான்."

"எல்லாரும் பாப்பினம், அக்கா."

"பாக்கட்டும். நானும் உன்னோட எழும்பி வாறன்."

இன்னொரு கிளினிக்கில் பல வருடம் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டவன் நான். "புருஷன் உழைக்கிறேல்லையோ?" என்றும் சேர்த்துக் கேட்பேன், வரிசை சிரிக்கும். மா வாங்காமலே திரும்பிப்போன தாய்மார் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரித்ததில்லை.

அவள் ஈயத்தை எடுத்துப் பைக்குள் போட்டாள். மருத்துவமாது குழந்தையைத் தராசில் நிறுத்து, நிறை அட்டையில் குறைவைக் காட்டும் சிவப்புப் பகுதியில் புள்ளி வைத்தார். சற்று நேரத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு பெண்களும் எழுந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.