மொட்டை மாடித் தண்ணி

இல்ல சார், நீங்க கூப்பிட்டது சமையலறைக் குழாய்க்குத்தான், தெரியும். அதை மாத்தியாச்சு, இனிமே ஒழுகாது. கை கழுவப் போறப்ப அந்த ரூம் கதவு திறந்திருந்துச்சா, சீலிங் கண்ணுல பட்டுடுச்சு. கட்டிலுக்கு நேர் மேல இத்தாம் பெருசா ஓதம். உங்க வீட்டம்மா படுத்துக்கிட்டு இருமிட்டு இருக்காங்க. எத்தனை நாளா இருமல்? போன மழையிலேர்ந்தா. ம்.

மாடிக் கதவு சாவி எங்க இருக்கு, சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாமா? அதெல்லாம் வேணாம் சார். வெளிய எட்டிப் பாருங்க, எப்படி இருட்டிக்கிட்டு வருதுன்னு.

பெயிண்ட் அடிச்சாப் போயிடும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அது புண்ணுக்குப் பவுடர் போடற வேலை. கோளாறு மேல இருக்கு. ஏறிப் பாக்காமலே சொல்லுவேன், இருபத்தெட்டு வருஷமா அடுத்தவங்க மாடியிலதான் என் பொழப்பு. தரைய வாட்டமாத்தான் போட்டிருப்பாங்க, தண்ணி மூலைக்கு ஓடிப்போய்க் குழாய்ல இறங்கணும். அந்தக் குழாய் வாயில சருகு, இறகு, துணி கிளிப்பு, பிளாஸ்டிக் பை எல்லாம் கூட்டணி வெச்சு உக்காந்திருக்கும். மேல பாசி வேற. போக வழி இல்லைன்னா தண்ணி சும்மா இருக்குமா, உங்க தலைக்குத்தான் இறங்கும்.

கம்பிய விட்டுக் குத்தறதா? அந்த வேலையே வெச்சுக்காதீங்க. குப்பை உள்ள போயி வளைவுல சிக்கிச்சுன்னா சுவத்தைத்தான் உடைக்கணும். கையால அள்ளணும் சார். அள்ளிட்டு ரெண்டு வாளி ஊத்தி, கீழ வருதான்னு பாக்கணும். அப்புறம் கூடையக் கவுத்த மாதிரி உசரமா ஒரு மூடி. சுத்திச் சருகு சேந்தாலும் தண்ணி மேல் பக்கமா நுழைஞ்சு போயிடும். மழைக்கு முன்ன ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை பெருக்கி விட்டாப் போதும். பெரிய வித்தை ஒண்ணுமில்ல.

வலை மட்டும் கட்டக் கூடாது. சில பேரு கொசுவலைய மடிச்சு வாயில கட்டிடுவாங்க. சருகு உள்ள போகாது, வாஸ்தவம். தண்ணியும் போகாது. சிரிக்கிறீங்க. அப்படிக் கட்டின புத்திசாலி நான்தான் சார். என் வீட்டு மாடியில. ஊருக்கு உபதேசம்பாங்களே, அதான். நல்ல மூடி ஒண்ணு கொண்டு வந்து போடற வரைக்கும் இருக்கட்டும்னு கட்டினேன். மூணு மழைக்காலம் போச்சு.

எங்க வீட்ல சொல்லிக்கிட்டேதான் இருந்தா. எங்களுக்கு இருக்கறது ஒரே ரூம். அவளுக்கு மூச்சிழுப்பு சின்ன வயசுலேர்ந்து உண்டு, ஓதம் வந்தப்புறம் ஜாஸ்தியாச்சு. தலைமாட்டுச் சுவரெல்லாம் கறுப்பாப் பூசணம். துடைப்பா, மறுநாள் திரும்ப வந்துடும். ஊர் மாடியெல்லாம் ஏறறீங்க, நம்ம மாடி என்னங்க பாவம் பண்ணுச்சும்பா. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பா. சண்டை போட்டிருந்தாலாவது கோவத்துல ஏறித் தொலைச்சிருப்பேன். ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம்டின்னு சொல்லுவேன். இப்ப நீங்க சொன்னீங்களே, அதே ஞாயித்துக்கெழமைதான். அன்னிக்குன்னு யாராவது ஃபோன் பண்ணுவாங்க, நானும் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவேன். அவ கட்டிலை நகத்திப் போட்டுக்குவா. ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம். கடைசியில கட்டில் கதவாண்ட வந்துடுச்சு சார்.

இல்ல இல்ல, இப்ப அடைப்பு இல்ல. எடுத்துட்டேன்.

எப்பவா? போன வருஷம். ஆஸ்பத்திரியில மூச்சு நின்னு போயி, அவளை வீட்டுக்குக் கொண்டாந்த அன்னிக்கு. கட்டில்லதான் கெடத்தியிருந்தோம். ரூம் நெறைய சொந்தக்காரங்க. மழை பிடிச்சுக்கிச்சு. மேலேர்ந்து ஒரு சொட்டு அவ நெத்தியில விழுந்துச்சு. என் மச்சினன் துண்டால துடைச்சான். திரும்ப விழுந்துச்சு. நகத்திப் போட எடமில்ல, அவ்வளவு ஜனம். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எழுந்து மாடிக்குப் போனேன். வலையப் பிச்சு எறிஞ்சேன், தண்ணி மடமடன்னு இறங்கிடுச்சு. பத்து நிமிஷங்கூட ஆகல சார்.

ஆனா ஊறிப்போன கான்கிரீட்டு, உடனே நிக்குமா? அவளை எடுக்கற வரைக்கும் சொட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து கையால ஏந்திக்கிட்டே இருந்தேன்.