பள்ளத்துல பூத்த பூ

அட, கார் எங்க போயிடப் போகுது? நிக்கட்டும். நீங்க அந்தப் பாறை மேலயே உக்காந்திருங்க தங்கச்சி. நான் இப்பிடி ரோட்டோரமா நின்னே பேசுறேன்.

காலையில கல்லறைக்குள்ள, செவுத்துல வெட்டியிருக்கற உங்க தாத்தா பேர விரலால தடவிக்கிட்டு நின்னீங்களே, பாத்தேன். அந்தக் காலத்துப் பாலைவனச் சண்டையில செத்த உங்க நாட்டுச் சிப்பாய்ங்க எலும்பெல்லாம் கீழ அறையில பத்திரமாத்தான் இருக்கு, அம்மாகிட்ட சொல்லுங்க. கல்லறைக் கதவப் பூட்டிட்டுத் திரும்புறேன், ஆளக் காணோம். பூப்பறிக்கவா எறங்குனீங்க? அதானே! மழை பேஞ்சா இந்தப் பள்ளத்துலதான் இப்பிடிப் பூக்கும். ஆடு வாய் வைக்காதுல்ல.

ஏனா? நாங்க விடுறதில்ல.

போதும் போதும், அந்தப் பூவுக்குக் கைய நீட்டாதீங்க. கையில இருக்கறதே அழகாத்தான் இருக்கு.

ஐயோ, எந்திரிக்காதீங்க! டீ வருது. மருமகன் இத்மான் வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கான். எம்பொண்டாட்டி டீ போட்டா சக்கரைக்குள்ள டீயத் தேடணும், ஹா... சிரிங்க, சிரிங்க. வெயிலா? தலையில துணியப் போட்டுக்குங்க. காலு மரத்துப்போச்சா? கைய வச்சு நீவி விடுங்க, கீழ மட்டும் ஊனாதீங்க.

எனக்கு ஒரு அண்ணன், மப்ரூக்குன்னு. முரட்டுப் பய. ஒரு தடவ எங்க ஒட்டகம் மெரண்டு இந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கிருச்சு. அவனும் பின்னாலயே போயிட்டான். எங்கப்பா இதோ, நான் நிக்கிற எடத்துலதான் நின்னாரு. ஒட்டகமா? அது அலுங்காம நலுங்காம அந்தப் பக்கம் ஏறிப் போயிருச்சு.

அண்ணனா... இருங்க, சொல்றேன். அங்க தூசி கெளம்புது பாருங்க. இத்மான்தான். பின்னால வர்றது ராணுவத்து வண்டி.

டீ இல்ல தங்கச்சி. அவங்க மண்ணக் குத்திக் குத்திப் பாத்து, வெள்ளத் துணி கட்டுன குச்சிய நட்டுக்கிட்டே உங்ககிட்ட வருவாங்க. அவங்க கால் வச்ச எடத்துல மட்டும் நீங்க கால வைங்க. வேலிக் கம்பிய மணல் மூடிருச்சு, உங்க மேல தப்பில்ல. அடியில கெடக்கற கண்ணிவெடி உங்க தாத்தா ஆளுங்க பொதச்சதோ, இங்கிலீஷ்காரன் பொதச்சதோ, யாரு கண்டா.

முன்னாடியே சொல்லலன்னு கோச்சுக்காதீங்க. எங்கப்பா அண்ணன்கிட்ட உடனே கத்திச் சொல்லிட்டாரு. அவன் பயந்துபோய் எங்களப் பாத்து ஓடி வந்தான்.