கதவு இறங்கப் பதினாறு விநாடி

எங்கள் வீட்டில் கார் கிடையாது. கார் ஷெட் மட்டும் உண்டு. கனடாவில் இருக்கும் என் மகள் சண்முகப்ரியா, ஒரகடத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது, லீவுக்கு வந்தால் வண்டி நிறுத்த வேண்டுமே என்று ஷெட்டையும், அதற்குத் தானாக ஏறி இறங்கும் இரும்புக் கதவையும் போட்டுவைத்தாள். ஆறு வருடமாகிறது. நான் அங்கே வேட்டி காயப்போடுகிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் உமாதேவி அம்மா, நேற்று நான் வாய்ப்பேச்சாகச் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. "இன்னா பெரியவரே, ஷெட்டுல சிறுத்தை பூந்துடுச்சின்னு போன வருஷம் எங்க ஜீப்பை அலைய வுட்டவர்தானே நீங்க? வூட்டுக்குப் போய் மோர் குடிச்சிட்டுப் படுங்க" என்றீர்கள். சிறுத்தை பொய்தான். அன்று நாலு போலீஸ்காரர்கள் வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது நன்றாகப் போயிற்று. இது பொய்யில்லை என்பதால் நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

கதவு முதல் தடவை மக்கர் செய்தது ஆயுத பூஜையன்று. கதவுக்கு இரண்டு பக்கமும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பக்கத்துக்கு ஒரு கண்ணாடிக் கண் வைத்திருக்கிறார்கள். ஒரு கண் இன்னொன்றைப் பார்த்தால்தான் கதவு இறங்கும். நடுவில் பூனை வந்தாலும் மேலே ஏறிக்கொள்ளும். மிக்ஸி, மோட்டார், சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவன் இதற்கும் வைத்தேன், கண்ணின் மேலேயே, குங்குமத்தோடு. கதவு பாதி இறங்கி ஏறிவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தேன். மணிகண்டபிரபு வந்தான்.

தென்காசிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது. பென்னலூரில் ஒரே அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தான். கண்ணைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். "தாத்தா, கண்ணு மேலயா பொட்டு வைப்பாவ? நெத்தி எங்கன இருக்குன்னு என்ட்ட கேட்டிருக்கலாம்லா?" துடைத்தான். கதவு இறங்கியது. இரண்டு தம்ளர் காபி குடித்தான். செம்பரம்பாக்கம் ஏரியில் ஆட்டோ அளவுக்கு ஆமை பிடித்த கதையை அவனுக்குச் சொன்னேன். ஆமைக்கு நம்பர் பிளேட் இருந்ததா என்று கேட்டான். அப்படிக் கேட்கிற ஆட்கள் இப்போது இல்லை அம்மா.

அதன் பிறகு கதவு அடிக்கடி கெட்டது. கண்ணை விரலால் ஒரு நூலளவு திருப்பினால் போதும். சிலந்தி வலையைக் குச்சியில் சுற்றிக் கொண்டுவந்து ஒட்டலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். பதினேழு முறை வந்தான். ஒரே வீட்டில் இத்தனை புகாரா என்று ஆபீசில் அவனைத் திட்டினார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சுவரிலிருக்கும் பொத்தானைக் காட்டினான். "கண்ணு வேலை செய்யலன்னா இதை விடாம அமுக்குங்க தாத்தா, இறங்கிரும். விரலை எடுத்தா நின்னுரும்." அவன் கீழே உட்கார்ந்து வேலை செய்யும்போது நான் அதை அமுக்கி, தலைக்கு மேலே கதவை ஒரு முழம் இறக்கி நிறுத்துவேன். "சேட்டை பண்ணாதீய" என்பான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

போன மாதம், பிற்பகல் மூன்று மணி. நான் கூப்பிடாமலே வந்தான்.

"தாத்தா, வேலைய விட்டுட்டேன். ஊர்லயே மாமா கடை வச்சுத் தாராவ. நாளைக்கு பஸ்."

"அப்போ இந்தக் கதவு கெட்டுப்போனா இன்னாடா பண்றது?"

"கெடவே கெடாது. ரெண்டு கண்ணும் புதுசு கொண்டாந்திருக்கேன். இனி நீங்க யாரையும் கூப்பிடவே வேண்டாம்."

நல்ல சேதி சொல்வதுபோல அதைச் சொன்னான்.

பழைய கண்களைக் கழற்றிவிட்டு, வலது காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டி உட்கார்ந்தான். நான் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் சத்தம் கேட்டு, "ஆரம்பிச்சிட்டாவ" என்று சிரித்தான். காலை எடுக்கவில்லை. கதவு முழுக்க இறங்கப் பதினாறு விநாடி ஆகும். பன்னிரண்டில், "தாத்தா, கைய எடுங்க" என்றான், மெதுவாக. பிறகு உரக்கச் சொன்னான், அப்போதும் நான் விரலை எடுத்துவிடுவேன் என்று நம்பி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு வரை எண்ணினேன். கதவு முழுதாக இறங்கவில்லை, இடையில் கால் இருந்ததால்.

அவன் தலைக்குத் தலையணை வைத்தேன். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் பக்கத்திலேயே இருந்து இட்லி பிட்டு ஊட்டினேன். கதைகள் சொன்னேன். எங்கேயும் போக வேண்டிய அவசரம் அவனுக்கு இல்லை. இருவருமே நிம்மதியாக இருந்தோம்.

அவன் உங்களிடம், "தாத்தாவுக்குக் காது மந்தம், பதறிட்டாவ. மெயினை அணைக்காதது என் தப்பு" என்று சொல்லியிருக்கிறான். என் காது நன்றாகவே கேட்கும். நீங்களோ விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். இப்போது அவன் அம்மா நாச்சியார் வந்திருக்கிறார். இனி அந்தக் கால் மடங்காதாம். வியாழக்கிழமை ஊருக்கு அழைத்துப்போகிறார்.

விபத்து இல்லை அம்மா. நீங்களே வீட்டுக்கு வந்து பொத்தானை அமுக்கிப் பாருங்கள். கை தவறிப் பட்டால் கதவு ஒரு சாண் இறங்கி நின்றுவிடும். பதறியவன் விரலை எடுத்துவிடுவான். பதினாறு விநாடி அமுக்கியவன் வேண்டுமென்றே அமுக்கியவன். கேஸ் போட இது போதும் என்று நினைக்கிறேன்.

மனசாட்சி உறுத்துவதால்தான் இதை எழுதித் தருகிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை. எத்தனை வருடம் உள்ளே போடுவார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான். கேஸ் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில்தானே நடக்கும்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சி சொல்ல அவன் தென்காசியிலிருந்து வந்துதானே ஆக வேண்டும்?